பெருக்காத அறை

1

ஈரக் கம்பளியும் சோப்பும் வெந்நீரில் சேர்ந்து புழுங்கும் வாசனை. படியிறங்கிக் கதவைத் திறந்ததுமே முகத்தில் வந்து மோதியது. விடுதியின் நிலவறையில் வரிசையாக நிற்கும் சலவை இயந்திரங்களில் ஒன்றில், யாரோ தங்கள் ஸ்வெட்டர்களை ஓடவிட்டுப் போயிருந்தார்கள்.

எனக்கு அது ஸ்வெட்டர் இல்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முனையிலிருந்த சாயப் பட்டறை. புதுப் பட்டு நூலின் பசை போவதற்குச் சோப்பும் சோடாவும் போட்டுப் பெரிய அண்டாவில் கொதிக்கவிடுவார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அந்த ஆவி கூடவே வரும். உயிருள்ள ஏதோ ஒன்று குளித்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். ஆட்டு மயிருக்கும் புழு நூற்ற நூலுக்கும் வெந்நீரில் ஒரே வாசனைதான் என்பதை ஜெர்மனிக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன். அதுவும் இதே நிலவறையில், இதே படியில்.

"இன்னாப்பா நின்னுட்ட? அந்தப் பக்கம் புடி."

என் மகள் கயல். பத்தொன்பது வயது. பிறந்தது வளர்ந்ததெல்லாம் இங்கேதான் என்றாலும், பேசுவது பிள்ளையார்பாளையத்துத் தமிழ். ராகம் மட்டும் ஜெர்மன். சேர்ந்த அன்று இங்கே போட்டுவைத்த காலி அட்டைப்பெட்டிகளை அவள் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். அவற்றில் சாமான்களை அடைத்து என் காரில் ஏற்ற வேண்டும். அறையைக் காலி செய்துவிட்டு, பல்கலைக்கழகத்தையும் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்துவிடுவதாக முடிவு செய்திருந்தாள். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொல்லியிருந்தாள்.

பெட்டியைப் பிடித்தேன். அவள் வயதைவிடச் சற்றே கூடுதலான வயதில் நான் துணி துவைத்த இடம் இது. அதை அவளிடம் பலமுறை சொல்லியாகிவிட்டது. இன்னொரு முறை சொல்ல வாய் வரவில்லை.

2

பல்கலைக்கழகம் என்றதும் நீங்கள் நினைக்கும் நூலகமும் மணிக்கூண்டும் புல்வெளியும் கீழே, ஆற்றோரத்தில், நகரத்துக்குள் இருக்கின்றன. மாணவர்களாக நாங்கள் குடியிருந்த விடுதி மேலே, குன்றின் மீது. முன்பு பட்டாளத்துக்காரர்கள் தங்கியிருந்த நீளமான கட்டடம். பட்டாளம் போனதும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் தாமதமாக மனுப் போட்டவர்களுக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். பேருந்தின் கடைசி நிறுத்தம். அதற்கு அப்பால் பீட்ரூட் வயலும் காற்றும்தான்.

இங்கிருந்து வகுப்புக்குப் போவது, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து முசரவாக்கத்தில் தங்கிக்கொண்டு தினமும் மதராஸுக்குப் படிக்கப் போவதுபோல. தூரம் அவ்வளவு இல்லைதான். ஆனால் பேருந்து அந்தத் தூரத்தை உண்டாக்கிவிடும். இரவு எட்டு மணி வண்டியைத் தவறவிட்டால் நடைதான். ஞாயிற்றுக்கிழமை வண்டியே கிடையாது. இப்போது செயலியில் பதிவு செய்தால் சின்ன வண்டி ஒன்று வருமாம். வராமலும் இருக்குமாம்.

கீழே இருந்தவர்களுக்கு நாங்கள் மலைக்காரர்கள். "நீ மேலேயா?" என்று கேட்கும்போதே ஓர் அனுதாபம் வரும். ஒரு விருந்து பாதியில் நடக்கும்போது நாங்கள் எழுந்து கோட்டு மாட்டுவோம். பாடம் முடிந்ததும் தேநீர்க்கடையில் நடக்கும் பேச்சில்தான் நிஜமான பாடம் என்பார்கள். அந்தப் பேச்சு என்னவென்று எனக்குக் கடைசி வரை தெரியாமலே போயிற்று.

ஜெர்மன் மொழியில் முதலில் எனக்கு மரியாதைப் பேச்சு மட்டும்தான் வந்தது. 'நீ' என்று சொல்லித்தரும் பக்கம் புத்தகத்தில் இன்னும் வரவில்லை. அதனால் விடுதிக் காப்பாளரின் நாயையும் "நீங்கள் சற்று நகர்கிறீர்களா?" என்றுதான் கேட்டேன். காப்பாளர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதன்பின் அந்த நாய்க்கு விடுதி முழுவதும் மரியாதைதான். வந்தவன் போனவனெல்லாம் அதற்கு வணக்கம் வைத்தான்.

பேருந்து இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் ஒன்றாகச் சமைத்தோம். யாருக்கும் போக இடமில்லை என்பதுதான் காரணம், அன்பெல்லாம் பிறகு வந்தது. நான் இட்லி வேகவைத்தேன். எங்கள் ஊர் இட்லிதான், மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் போட்டு. இட்லித் தட்டு இல்லாததால் காப்பிக் கோப்பைகளில் மாவை ஊற்றி ஆவியில் வைத்தேன். கோப்பையிலிருந்து கவிழ்த்ததும், அதன்மேல் எழுதியிருந்த வாசகத்தின் மேடு பள்ளம் இட்லியில் பதிந்திருக்கிறதா என்று சிலி நாட்டுக்காரன் ஒருவன் தேடித் தேடிப் பார்த்தான்.

ஊரை நினைத்து ஏங்கி ஏங்கிக் கிடந்த அறை அது. இத்தனை வருடம் கழித்து, வேறு நகரத்தில், வேலையும் வீடும் கடனட்டையும் உள்ள இந்த வாழ்வில், ஊரைவிட அந்த அறையை நினைத்துத்தான் அதிகம் ஏங்குகிறேன். ஏக்கத்துக்கே ஏங்குவது. இந்த வியாதிக்கு வைத்தியர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

3

நான் முதன்முதலில் இங்கே வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை. கடைகள் அடைத்துவிட்டிருந்தன. மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை ஏதோ அரசு விடுமுறை. விடுதி வாசலில் ஒரு தொலைபேசிக் கூண்டு இருந்தது. அதில் காசு போட வழியில்லை, அட்டைதான் செருக வேண்டும். அட்டை கீழே, ரயில் நிலையத்தில் விற்றார்கள். நானோ மேலே.

வீட்டில் அம்மா பெருக்குவதை நிறுத்தியிருந்தாள்.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஒருவர் பயணம் புறப்பட்டுப் போனால், போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் போனவரையும் சேர்த்துத் தள்ளுவதுபோல ஆகிவிடும். திருத்தணிக்குப் போனவருக்குச் சரி. சாயங்காலத்துக்குள் சேதி வந்துவிடும். கடல் தாண்டிப் போனவனுக்கு?

எங்கள் வீட்டின் கூடம் முழுவதும் தறி. தறி இருக்கும் வீட்டில் ஒரு வேளை பெருக்காமல் விட்டாலே தரையில் நூல் துண்டுகள் பூத்துவிடும். சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள். காலில் ஒட்டும், பாயில் ஒட்டும், சோற்றில்கூட வந்து கிடக்கும். அந்த நாட்களில் நடந்ததை எல்லாம் பிறகு என் அக்கா சாந்தி போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எதிர்வீட்டு சுப்பம்மா தெலுங்கு பேசும் நூல் வியாபாரக் குடும்பம். தெருவில் தொலைபேசி இருந்தது அவர்கள் வீட்டில்தான். அவள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ராமா ராமா, இது ஏமிம்மா, வீடா, குப்பைத்தொட்டியா?" என்றாளாம்.

அம்மா அசையவில்லை. "வாசல் தெளிச்சிட்டேன். கோலம் போட்டுட்டேன். உள்ள மட்டுந்தான் தொடப்பம் போடல. புள்ள ஆகாசத்துல கீறான்மா."

தறிக்குழியிலிருந்து அப்பா கேட்டாராம்: "ஆகாசத்துலயா? ஏரோப்ளேன் எறங்கி ரெண்டு நாளாச்சிடீ!"

"சேதி வரலன்னா ஆகாசத்துலதான்."

அப்பாவுக்கு வேறு கவலை. தறியில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு கல்யாணப் புடவை. அதைப் பார்க்கக் கடையிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. வந்தார். வெள்ளை வேட்டி. பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வேட்டியின் பின்பக்கம் முழுவதும் நூல் துண்டுகள் ஒட்டி, பொங்கலுக்கு அலங்காரம் பண்ணின மாடு மாதிரி தெருவில் நடந்து போனாராம். அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அக்கா மட்டும் அடுப்பங்கரைக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாளாம்.

செவ்வாய்க்கிழமை கீழே இறங்கி அட்டை வாங்கினேன். கூண்டுக்குள் நின்று எண்களை அழுத்தினேன். சுப்பம்மா வீட்டில் மணி அடித்து, அவர்கள் கூப்பிட்டு, தெருவைத் தாண்டி அம்மா ஓடி வரும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. எவ்வளவோ சொல்ல வைத்திருந்தேன். குளிர், ரொட்டி, பீட்ரூட் வயல், நாய்.

"சேந்துட்டியா?"

"சேந்துட்டேம்மா. இங்க வந்து..."

"நல்லா கீறியா?"

"நல்லா இருக்கேன். இங்க ரூம்ல இருந்து பாத்தா..."

"சரி, வெச்சிடு கண்ணு. போய்ப் பெருக்கணும்."

வைத்துவிட்டாள். அட்டையில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. கூண்டுக்கு வெளியே மழை பிடித்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் என் பெயரால் ஒரு வீட்டில் துடைப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, விடுதிப் படியேறினேன்.

4

வைகாசியில் வரதராஜப் பெருமாளுக்குக் கருட சேவை. நாங்கள் சிவன் கோயில்காரர்கள். ஆனாலும் அன்று விடிவதற்குள் ஊரே சின்ன காஞ்சிபுரத்தில்தான் நிற்கும். கோபுர வாசலுக்குக் கருடன்மேல் பெருமாள் வந்ததும் ஒரு கணம் குடைகளால் மறைத்துவிடுவார்கள். சோளிங்கரில் ஒரு பக்தர், வருடா வருடம் வந்துகொண்டிருந்தவர், ஒரு வருடம் வர முடியாமல் போக, அவர் இருந்த இடத்துக்கே பெருமாள் போய்க் காட்சி கொடுத்தார் என்பார்கள். அந்தக் குடை மறைப்பில் இன்றைக்கும் பெருமாள் சோளிங்கருக்குப் போய்விட்டு வருகிறார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். குடை விலகும். வந்துவிட்டார்.

மேல் விடுதியில் என் முதல் வைகாசி, ஊரில் கருட சேவை நாள். விடியற்காலை. சன்னலில் நின்று முதல் பேருந்து மேலேறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வளைவில் மரங்கள் அதை மறைத்துவிடும். மறைந்து, திரும்பத் தெரியும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். வர முடியாதவனுக்கு எது வந்தாலும் சேவைதான்.

5

கயலுக்கு இதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, விடுதியும் இதேதான் என்று கடிதம் வந்தபோது நான் வீட்டில் ஒரு சுற்று ஆடியே விட்டேன்.

"அவ்ளோ ஆசைன்னா நீயே போய் இருப்பா," என்றாள் கயல்.

செப்டம்பர் கடைசியில் கொண்டுவந்து விட்டோம். வீடு திரும்பிய மறுநாள் என் மனைவி கலா வழக்கம்போலத் தூசு உறிஞ்சும் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு கயலின் அறை வாசலுக்குப் போனாள். நான் குறுக்கே நின்றேன்.

"இருக்கட்டும் கலா. பொண்ணு போய்ச் சேரட்டும்."

"நேத்து நாமதானே கொண்டும்போய் உட்டோம்? உங்க கண்ணாலதானே பாத்தீங்க?" கலா எங்கள் ஊருக்குப் பக்கத்துச் செவிலிமேட்டுக்காரி. நேராகப் பேசுகிறவள். "உங்கம்மா தொடப்பத்த நிறுத்துனாங்க, நீங்க மெஷினையே நிறுத்துறீங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் விட்டுக்கொடுத்தாள். ஒரு வாரம்தானே என்று நானும் நினைத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை கயல் பை நிறைய அழுக்குத் துணியோடு வந்து நின்றாள். ஞாயிறு போனாள். மறு வெள்ளியும் வந்தாள். போன ஒவ்வொரு முறையும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அறை பெருக்கப்படாமலே கிடந்தது. மேசைக்கடியில் அவள் பென்சில் சீவிய சுருள்கள், கட்டிலோரம் தலைமுடி, ஒற்றைக் காலுறை. சில மாலைகளில் நான் அந்த வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் சேர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற வேண்டாம் என்றும் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் அந்தக் குறுஞ்செய்தி. 'ஞாயித்துக்கிழமை கார் எடுத்துக்கினு வா. நான் வந்துடறேன்.'

6

அறையைக் காலி செய்வது இங்கே பெரிய சடங்கு. சுவரில் ஆணி அடித்த ஓட்டையை அடைத்திருக்க வேண்டும். அடைத்ததைப் படம் எடுத்திருக்க வேண்டும். அடுப்பின் பின்புறம் துடைத்ததாகக் கையெழுத்து. எல்லாவற்றையும் சாவியோடு ஓர் உறையில் போட்டு ஒட்டி, காப்பாளர் அறைக் கதவிலுள்ள தபால் துளையில் போட வேண்டும். போட்டால் போட்டதுதான். திரும்ப எடுக்க முடியாது, இடம் அடுத்தவருக்கு.

"நான் ஆணியே அடிக்கலப்பா," என்றாள் கயல். சுவர்கள் வெறுமையாக இருந்தன. புத்தகங்கள்கூட வந்த பெட்டியிலேயே இருந்தன.

பெட்டிகளைக் காரில் ஏற்றினோம். கடைசியாக அரிசி குக்கர். அதை எடுக்கப் பொதுச் சமையலறைக்குப் போனபோது அலமாரியில் பெயர்கள் ஒட்டிய தட்டுகளைப் பார்த்தேன். கயலின் பெயர் இருந்த தட்டில் மிளகு, சீரகம், சுக்குப்பொடி. பக்கத்தில் நான்கைந்து காப்பிக் கோப்பைகள், உள்ளே நெய் தடவிய பளபளப்பு.

"இங்க இட்லி பண்ணியா?"

"போன வாரம். எல்லாரும் கேட்டாங்க." அவள் என்னைப் பார்க்காமல் குக்கரின் வயரைச் சுற்றினாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னா நீ அழுவ." பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "சாந்தி அத்தை போன்ல சொன்னாங்க. என் ரூமை நீ பெருக்கவே உடலியாமே?"

"நீதான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்துடறியே."

"வராம இன்னா பண்றது? ஒவ்வொரு வாட்டியும் போன்ல 'சேந்துட்டியாம்மா'ன்னு கேக்கற பாரு, அந்தக் குரலு. அத கேட்டா, 'இல்லப்பா, இன்னும் இல்ல'ன்னுதான் சொல்லத் தோணுது. இங்க கொஞ்சம் சிரிச்சிட்டேன்னா, உன்ன அங்க தனியா உட்டுட்ட மாதிரி இருக்குது. இன்னா படிக்கறேன்னே தெரியலப்பா எனக்கு. பாதி ஆளு இங்க, பாதி ஆளு அங்க."

பெண்ணின் அறையில் ஒரு வழக்கத்தைக் காவலுக்கு வைத்துவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தேன். "உன் இஷ்டம்மா. நீ எது சொன்னாலும் சரி," என்றேன். அதுவும் ஒரு பதிலாக அவள் காதில் விழவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

உறையை ஒட்டினாள். கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். காப்பாளர் அறை வெளிப்பக்கமாக இருந்தது. முன்கதவை இழுத்துச் சாத்தினோம். பூட்டு விழுந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். சரளைக் கற்களில் ஏதோ இழுபடும் கரகரப்பு. மேட்டுச் சாலையில் ஒரு பெண் ஏறி வந்துகொண்டிருந்தாள். கயல் வயதுதான். பெரிய பெட்டியில் ஒரு சக்கரம் போயிருந்தது. வியட்நாமிலிருந்து வருகிறாளாம். செயலியில் பதிவு செய்த வண்டி வராமல், அடிவாரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கைபேசி வழியிலேயே அணைந்துவிட்டது. அவள் அறைச் சாவி ஓர் உறையில் காத்திருந்தது. முன்கதவுக்கு உட்பக்கம், அறிவிப்புப் பலகையில். இந்த ஓர் அபத்தம் என் காலத்திலிருந்து மாறவே இல்லை. அன்று நானும் இருட்டும்வரை இந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

கயல் அழைப்பு மணியை அழுத்தினாள். எல்லோரும் காதில் பாட்டோடு இருந்திருப்பார்கள், யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் காப்பாளரும் இல்லை. அந்தப் பெண் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

கயல் பையிலிருந்து உறையை எடுத்தாள். ஒரு கணம் பார்த்தாள். பல்லால் கடித்துக் கிழித்தாள். சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

அதன்பின் எனக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று. பெட்டியின் உடைந்த பக்கத்தைக் கயல் தூக்கிக்கொண்டாள். எந்த அடுப்பில் எந்தத் திருகு வேலை செய்யாது, நிலவறையில் எந்த இயந்திரம் துணியைத் தின்னும், காலை எந்த வண்டியை விடக் கூடாது என்று பாதி ஜெர்மனிலும் பாதி ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டே போனாள். பாதி ஆளாகப் பேசுகிறவள் குரல் அல்ல அது. படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று கேட்டாள்:

"வீட்டுக்குச் சொல்லிட்டியா? வந்து சேர்ந்தேன்னு?"

அந்தப் பெண் அணைந்த கைபேசியைக் காட்டினாள். கயல் தன்னுடையதை நீட்டினாள். எண்களை அழுத்தியதும் அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் வெடித்தது. அழுகையா, திட்டா, சிரிப்பா தெரியவில்லை. மூன்றும்தான். எங்கள் இருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது.

கயல் என் பக்கம் திரும்பினாள். "அவங்க வீட்லயும் பெருக்காம வெச்சிருப்பாங்களாப்பா?"

"இருக்கும்மா. யாரு கண்டாங்க."

அவள் சற்று நேரம் கையிலிருந்த சாவியையே பார்த்தாள். பிறகு காருக்கு நடந்தாள். பின்கதவைத் திறந்தாள். முதலில் அரிசி குக்கர் வெளியே வந்தது. அடுத்து புத்தகப் பெட்டி. நான் உதவிக்குக் கை நீட்டினேன்.

"உடு, நான் எடுத்துக்கறேன்."

பெட்டிகள் எல்லாம் திரும்பவும் அவள் அறைக்கு ஏறி முடிந்தபோது வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது. பொதுச் சமையலறையில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை. அதில் எனக்கு ஒரு சின்ன வலி, கூடவே ஒரு பெரிய நிம்மதி. காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். கயல் வந்து சன்னல் கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினேன். கோப்பைகளைத் தொட்ட அவள் கையில் நெய் வாசனை.

"வர்ற வெள்ளிக்கிழமை வர மாட்டேன். அம்மாகிட்ட சொல்லிடு."

"சரிம்மா."

"நான் சேந்துட்டேன்பா. போய் என் ரூமைப் பெருக்கிடு."